எங்கள் சமையலறை ஜன்னலும் ஒரு தலைவரின் உயிரும்

கோவையில் எங்கள் வீடு விமான நிலையத்துக்குப் போகும் சாலையைப் பார்த்த இரண்டாவது மாடி. ஒரு தேர்தல் சமயம், கொலை மிரட்டல் வந்திருந்த பெரிய தலைவர் ஒருவர் அந்த வழியாகப் போகப்போகிறார் என்று முந்தின நாளே போலீஸார் வந்து எங்கள் விவரங்களை எழுதிப் போனார்கள். மறுநாள் காலை, கணவர் வேலைக்குக் கிளம்பியதும், ஒரு பெண் காவலர் வந்து சமையலறையில் நின்றுகொண்டார்.

"அக்கா, ஜன்னலச் சாத்திப்போடுங்க. வண்டியெல்லாம் போற வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் வரக் கூடாதுங்க."

"அடுப்பே ஜன்னலுக்குக் கீழதானுங்க இருக்குது."

அவர் வயர்லெஸ்ஸில் யாரிடமோ கேட்டார். சமைக்கலாம், குக்கர் மட்டும் வேண்டாம் என்று பதில் வந்தது. வேறொரு வீட்டில் விசில் சத்தம் கேட்டு, கீழே நின்ற அதிகாரி தரையில் படுத்துவிட்டாராம். பருப்பு வைத்த அடுப்பை அணைத்துவிட்டுக் கத்தரிக்காயை எடுத்தேன். கத்தியையும் கீழே வைக்கச் சொன்னார். ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் கண்ணு, நீங்க அந்தத் தலைவரப் பாத்திருக்கீங்களா?"

"ஒம்பது வருசமா பந்தோபஸ்துக்குப் போறனுங்க. ஒரு தலைவரையும் பாத்ததில்லீங்க்கா. நாங்க ரோட்டுக்கு முதுகக் காட்டித்தானுங்க நிக்கோணும். சனத்தத்தான் பாக்கோணும்."

சைரன் கேட்டது. ஒரே மாதிரி ஐந்து கறுப்பு வண்டிகள் கண்ணாடி வழியே தெரிந்தன. ஒன்றின் ஜன்னலிலிருந்து ஒரு கை அசைந்தது. என்னையறியாமல் நானும் கையை ஆட்டினேன். பெண் காவலர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் எல்லாம் போய்விட்டது.

பிடியை விடாமலே மெல்லக் கேட்டார்: "பாத்தீங்களாக்கா? எப்புடி இருந்தாருங்க?"

"கை மட்டுந்தான் தெரிஞ்சுது கண்ணு. வெள்ளச் சட்ட."

அவர் முகம் மலர்ந்தது. அப்போது வயர்லெஸ் கரகரத்தது. கேட்டுவிட்டு என் கையை விட்டார்.

"அவரு முன்னாலயே வேற ரோட்டுல போயிட்டாராமாங்க. இது சும்மா போக்குக் காட்டுறதுக்கு உட்ட வண்டிங்களாமா."

"அப்பறம் கையாட்டுனது யாரு?"

"எங்க ஆளாத்தானுங்க இருக்கோணும்."

இருவரும் சிரித்தோம். நான் கொடுத்த ஒரு சொம்புத் தண்ணீரையும் அவர் ஒரே மூச்சில் குடித்தார். மத்தியானம் தலைவர் திரும்பும்போது எதிர் வீட்டில் நிற்க வேண்டுமாம். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், நல்ல மாதிரியா என்று என்னிடம் விசாரித்துக்கொண்டு படியிறங்கினார்.