துண்ணுச்சு என்று சொன்னேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை யாரிடமும் மறைத்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாலு வயதில் டிரில்லிங் மெஷின் பக்கத்தில் நின்று இரும்புத்தூள் பெருக்கினேன். இன்றைக்கு அதே எஸ்டேட்டில் ஏழு பிரஸ் மெஷின் எனக்கு ஓடுகிறது. திருமுல்லைவாயிலில் மூன்று மாடி வீடு கட்டினேன். மாடிப்படி இந்த இடத்தில் வராது என்று இஞ்சினியர் சொன்னார். நானே நூல் பிடித்துக் காட்டினேன், வந்தது. படித்தவர்கள் கைவிட்ட மெஷினைச் சத்தத்தை வைத்தே சரி பண்ணியிருக்கிறேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு முழப் பாம்புக்கு ஒரு வாய் சாப்பாடு கொடுக்க என்னால் முடியாமல் போனதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

ஒரு முழம் என்றது பேச்சுக்கு. இரண்டு முழம் இருக்கும். என் மகன் அதைக் காட்டுப்பாக்கத்தில் மீன்தொட்டி விற்கிற கடையிலிருந்து வாங்கி வந்தான். ஒரே மகன், முப்பத்தொரு வயது. கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலேயே ரூமுக்குள் உட்கார்ந்து செய்வான். ஆப்பிரிக்கா பக்கத்து மலைப்பாம்பு, சின்ன ரகம், விஷம் கிடையாது, பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் என்று விளக்கினான். சர்க்காரில் பதிவு செய்த தாளைக்கூட எடுத்துக் காட்டினான், எனக்குப் படிக்க வராது என்று தெரிந்தும்.

"பொண்ணு பாத்து கட்டிக்கடான்னா பாம்பப் புட்ச்சினு வந்துகீற" என்றாள் அவன் அம்மா.

"இது எதுத்துப் பேசாதும்மா. உனக்கு இதான் தோது."

மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் பேப்பர் விரித்து, பாதி உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, தன் ரூம் மேஜைமேல் வைத்தான். பாம்பு சட்டிக்கடியில் போய் அடங்கியது. புது இடம், ஒரு வாரம் தொடக்கூடாது, அப்புறம்தான் எலி கொடுக்க வேண்டும் என்றான்.

"ஒரு வாரமா? என் கைல உடு. ஒரே நாள்ல துண்ண வெக்கிறேன்."

"நைனா, அது மெஷின் இல்ல."

ஒரு வாரம் கழித்து எலி நீட்டினான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு மறுநாளோ என்னவோ அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக் காய்ச்சல்தான், டெங்கு. ஊரெல்லாம் வந்து போகிற காய்ச்சல் என்றுதான் நினைத்தோம்.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் சாயங்காலம் நான் போனபோது கையில் ஊசி குத்தியபடி படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்.

"பாம்பு துண்ணுச்சா நைனா?"

நான் அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் முடித்துவிட்டேன் என்று சொல்லியே பழகிய வாய் என்னுடையது.

"துண்ணுச்சுடா. நேத்து."

"யாரு குட்த்தா?"

"நான்தான்."

"சுத்திப் புட்ச்சிச்சா?"

"புட்ச்சிச்சு. ஒரே கவ்வு."

"கில்லாடி நைனா நீ" என்று சிரித்தான். மறுநாள் விடிகாலையில் அவனை வேறு அறைக்கு மாற்றி வாயில் குழாய் வைத்தார்கள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. இரண்டு நாளில் அவனும் இல்லை.

பெற்ற மகனிடம் நான் கடைசியாகப் பேசியது அந்தப் பொய். எடுத்து முடித்து வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகு முதலில் அவன் ரூமுக்குத்தான் போனேன். சட்டிக்கடியில் அது சுருண்டபடியே இருந்தது. அதைத் தின்ன வைத்தே தீர வேண்டும், வைத்துவிட்டால் நான் சொன்னது பொய்யாகாது என்று நினைத்தேன். அறிவுள்ளவன் நினைக்கிற நினைப்பில்லை, ஆனால் அப்போது என்னிடம் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

எங்கள் வீடுகளில் சாவு நடந்தால் போட்டோவுக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றி, கருமாதி வரைக்கும் அணையாமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்போம். ஹாலில் வைக்கலாம் என்றேன். என் சம்சாரம் ஒப்பவில்லை. "அவன் எப்பய்யா ஹால்ல குந்துனான்? ரூம்லதான கெடப்பான்" என்றாள். அதனால் போட்டோவும் விளக்கும் அவன் மேஜைமேலேயே, பாம்புப் பெட்டிக்கு ஒரு ஜாண் தள்ளி வந்து உட்கார்ந்தன. காலையும் மாலையும் சாம்பிராணி போட்டாள். அவனுக்குப் பிடித்த காபியை டம்ளரில் வைத்தாள். ஆறி ஏடு கட்டியதும் எடுத்துக் கொட்டினாள்.

நான் வாங்கி வந்த எலியைப் பார்த்து, தீட்டு வீட்டில் கவுச்சியா என்று என் பெரியம்மா மகள் முகம் சுளித்தாள்.

"போனது என் புள்ள. பாம்புக்கு இன்னா தீட்டு? நீ குடுய்யா" என்றாள் சம்சாரம்.

கொடுத்தேன். அது தலையைச் சட்டிக்குள் இழுத்துக்கொண்டது. துக்கம் கேட்க வந்த ஒரு கிழவி, பால் ஊற்றி முட்டை உடைத்து வை, புற்றுக்கு வைக்கிற மாதிரி, என்றாள். அதையும் வைத்தோம். பால் திரிந்து நாறியது. மகன் வளர்த்த பாம்பு என்று வந்தவர்கள் எல்லோரும் பார்க்கக் கேட்டார்கள். நான் மூடியைத் திறந்து, சட்டியைத் தூக்கி, அதைக் கையில் எடுத்தே காட்டினேன். ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவை இருக்கும்.

கருமாதி முடிந்தது. வருஷம் திரும்புகிறவரை விளக்கு எரியட்டும் என்றாள் சம்சாரம். நான் என் வழியில் இறங்கினேன். என் பட்டறையிலேயே ஸ்டீலில் புதுப் பெட்டி செய்தேன், காற்றுப் போக வரிசையாகத் துளை போட்டு, பாம்பையும் சட்டியையும் அதற்கு மாற்றினேன். கடையில் அப்படி ஒரு பெட்டி கிடைக்காது. கை நீளத்துக்கு இடுக்கி செய்தேன். செத்த எலியை வெந்நீரில் போட்டு உயிர்ச்சூடு ஏற்றி இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். ஒரு நாள் சும்மா ஒரு முட்டு முட்டிவிட்டு விலகியது. இன்னொரு நாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்து எலியைத் திணிக்கப் பார்த்தேன். அதன் தாடை என் விரல் நடுவில் நடுங்கியது. விட்டுவிட்டேன். சூடு பட்டால் பசிக்கும் என்று, சம்சாரத்தைக் கேட்காமல் பெட்டியை மொட்டைமாடி ஷீட் ரூமுக்குத் தூக்கிப் போனேன். வெயிலில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவன் வைத்த இடத்தைவிட்டு எடுத்ததற்காக அவள் அழுதாள். திரும்பக் கீழே கொண்டுவந்து வைத்தேன். அதற்குள் அதன் முதுகெலும்பு தோலுக்கு மேல் கூர்மையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

யாரையாவது கேட்டிருக்கலாம். யாரையும் எதையும் கேட்காமல்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன், எப்படிக் கேட்பேன்? கடைசியில் காட்டுப்பாக்கத்துக்கு நானே வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். கடையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பாம்பைப் பற்றிச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"கண்ணாடி போட்ட தம்பியோட அப்பாவா நீங்க? தம்பி ஏன் வர்ல? போன் பண்ணா எடுக்கவே மாட்டுது."

சொன்னேன். தொட்டிக்குள் விட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். அப்புறம் கடையைச் சாத்திவிட்டு என் வண்டிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தாள்.

ரூம் வாசலில் நின்று போட்டோவைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். ஸ்டீல் பெட்டியைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னை வெளியே கூப்பிட்டாள்.

"அண்ணாத்தே, இந்த வெளக்கு எப்பயாவது அணையுதா?"

"அணையக்கூடாதும்மா."

"பாம்புக்குக் கண்ணுக்கு மூடி கெடையாது. அது ராவுல எர எடுக்கற ஜாதி. ராவு எப்ப வரும்னு காத்துகினு கீது. தொள வழியா வெளிச்சம் போய்கினே கீது, இந்த ரூம்ல ராவே வர்ல. அதுக்கு மேல மோப்பம் புடிக்க நாக்க நீட்னா பொகை வாசன. நீங்க வேற எடுத்து எடுத்துப் பாத்துகினு கீறீங்க."

"இப்ப இன்னா பண்றது?"

"இருட்டு பண்ணி, பத்து நாளு கிட்டவே போவாதீங்க. இனிமே எடத்த மாத்துனா தாங்காது." கொஞ்சம் தயங்கினாள். "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

நான் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், சம்சாரம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது சொன்னேன்.

"என் புள்ள இருட்டுல இருக்கணுமா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. ஊற்றுகிற எண்ணெய்கூடச் சிந்தவில்லை.

கட்டிலில், அவன் படுக்கிற பக்கத்தில் உட்கார்ந்தேன். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

"ஆஸ்பத்திரில அவன் கேட்டான். துண்ணுச்சுன்னு சொல்லிட்டேன்மே."

"துண்ணலியே."

"துண்ணல. பொய் சொன்னேன்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அவன் நம்புனானா?"

"சிரிச்சான். கில்லாடின்னான்."

அவள் போட்டோவைப் பார்த்தாள். பிறகு மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி எடுத்தாள். விளக்கை ஊதி அணைக்கக்கூடாது, அணைக்கிறேன் என்று சொல்லவும் கூடாது. குளிர வைக்கிறது என்போம். பூவால் திரியை அமுக்கிக் குளிர வைத்தாள். புகை ஒரு நூல்போல எழுந்து போனது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஜன்னலுக்கு நான் போர்வை கட்டினேன்.

பத்து நாள் அந்தக் கதவை நாங்கள் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒன்றும் செய்யாமல் இருந்த நாட்கள் அவைதான். பட்டறைக்குப் போனேன், வந்தேன். சாயங்காலம் அவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பாள். சாம்பிராணி போடுகிற நேரம் வந்தால் கை பரபரக்கும், மடியில் கட்டிக்கொள்வாள்.

பதினோராம் நாள் பொழுது சாய்ந்ததும் எலியைச் சூடாக்கி இடுக்கியில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மை இருட்டு. மூடியை நகர்த்தி, சட்டி இருக்கிற பக்கமாகக் கையை நீட்டினேன். ஆட்டவில்லை. தோள் கடுத்தது. மாற்றிப் பிடிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று இடுக்கி கையைவிட்டுப் போகிற மாதிரி ஒரு வெட்டு இழுப்பு. விட்டேன். பேப்பர் சரசரத்தது. அது எலியைச் சுற்றி இறுக்குகிற சத்தம் என்று புரிந்தது. அவன் கேட்டானே, அதேதான்.

சத்தம் அடங்கும் வரை அங்கேயே நின்றேன். மறுபடி பேப்பர் மெதுவாக அசைந்தது, விழுங்குகிறது. எனக்கு சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். எத்தனையோ மெஷின் ஓடின அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்து நின்றவன்தான். அந்த இருட்டில் எனக்குத் தோன்றியது, அவன் என்னிடம் விட்டுப்போன ஒரே வேலை முடிந்துவிட்டது என்பது. இனி அவனுக்காக நான் செய்ய வேண்டியது எதுவுமே பாக்கி இல்லை. தின்னாமலே இருந்திருந்தால் நாளைக்கும் ஒரு வேலை இருந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல், அவன் போனதற்கு அன்றைக்குத்தான் அழுதேன்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். அவள் தரையில் அப்படியே இருந்தாள்.

"துண்ணுச்சா?"

"துண்ணுச்சு."

"நெசமாவா?"

"நெசமாதான்."

ஹால் லைட்டைப் போடப் போனவன் கையை எடுத்துவிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் அதைக் கலைக்கக்கூடாதாம், அதற்கப்புறம் விளக்கை எந்த நேரம் ஏற்றலாம், எந்த நேரம் கூடாது என்று அந்தக் கடைக்காரம்மாவையே கேட்டு வருகிறேன் என்றேன்.

"இருக்கட்டும்யா" என்றாள். "செரிக்கட்டும்."