கலாவதியின் டிபன் மூடி

செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனைத் தொலைபேசி மேசையில் மணி அடித்தது. வாயை நன்றாகத் திறந்து, பழகிய இங்கிலீஷில், என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல் தயங்கியது. "மேடம், அங்க மஞ்சுளா இருக்காங்களா?" கலாவதியின் கணவர். என் குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான்தாண்ணா."

"கலா போயிட்டாம்மா" என்றார்.

கலாவதி வீடு மர்பி டவுனில், என் வீடு அல்சூரில். ஒரே வயது. நேரில் வாடி போடிதான். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது. கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்.

இருவரும் இதே மருத்துவமனையில் தரை துடைத்தவர்கள். தமிழ், கன்னடம், உருது மூன்றும் பேசுகிறோம் என்று தொலைபேசி மேசைக்கு மாற்றினார்கள். இங்கிலீஷ்தான் குலைநடுங்க வைத்தது. மாதம் ஒருமுறை அதிகாரி எங்கள் பேச்சின் பதிவைப் போட்டுக் கேட்பார். மூன்று முறை தவறினால் மறுபடி துடைப்பம். முதல் முறை இருவருமே தவறினோம். "வாயே திறக்கலையே நீங்க" என்றார்.

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் கீழ்த்தளத்துத் துணி அறையில் பயிற்சி. சாப்பிட்டு முடித்து, டிபன் மூடியைக் கழுவி, வாய்க்கு நேரே பிடித்து ஒவ்வோர் ஒலியாகச் சொல்வோம். 'கோல்ட்' என்றால் மூடியில் ஆவி வட்டமாக விழ வேண்டும். 'பேக்' என்றால் அகலமாக. கலாவதி கண்டுபிடித்த வித்தை இது. "பயந்தா வாய் சுருங்குதுடி, ஆவியும் சுருங்குது. இது பொய் சொல்லாது பாரு" என்பார். துணி எடுக்க வந்த கன்னடப் பெண் ஒருவர் எங்களைப் பார்த்து மிரண்டு, "ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சு என்று கேட்டார். ஏதோ காய்ச்சல் வந்ததுபோல, "இங்கிலீஷ் பந்திதே", இங்கிலீஷ் வந்திருக்கு, என்றார் கலாவதி.

இரண்டாம் முறை அவர் தேறினார், நான் தவறினேன். வாழ்த்தப் போனால் கழிப்பறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். "பாஸ்னு சொன்ன பிறகும் பயம் போகலடி. அடுத்த மாசமும் கேப்பாங்கல்ல?" பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். "அடுத்த வாரம் டெஸ்ட். இப்ப லீவு கேட்டா பக்கெட்டைக் கையில கொடுத்துருவாங்க" என்றார். இரண்டு மாடி ஏறினால் டாக்டர். நான் வற்புறுத்தவில்லை. அவர் லீவில் போனால் யாரோடு பயிற்சி செய்வது என்று எனக்கும் பயம். இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது.

அன்று அவசரத்தில் எங்கள் மூடிகள் மாறிப்போயின. அவருடையது என்னிடம் வந்துவிட்டது. கல்யாணத்தின்போது கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி வாங்கிய எவர்சில்வர். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். திங்கட்கிழமை அவர் வரவில்லை.

நாளை எனக்கு மூன்றாவது டெஸ்ட். தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கவும் பயமாக இருக்கிறது.

இன்று மதியம் துணி அறைக்குத் தனியாகப் போனேன். மூடியை வாயருகே பிடித்து 'பேக்' என்றேன். ஆவி அகலமாகப் படர்ந்து கலாவதியின் பெயரை மூடிவிட்டது. பதறிப்போய் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தேன். ஓரத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பெயர் திரும்பி வந்தது.

போயிட்டு வாடி, கலா. மூடி என்கிட்டயே இருக்கட்டும்.