சும்மா இருந்தால் கிடைக்கும் முத்தம்

அவரை எல்லோரும் தொப்பண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். தொப்பைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. வயிறு முதுகோடு ஒட்டிய, ஊதினால் மடங்குகிற உடம்பு அவருக்கு. ஆனால் விழுந்தாரென்றால் ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்கும். பழுத்த பழம் மரத்தை விட்டது போல அவ்வளவு சுத்தமான சத்தம். அந்தச் சத்தத்துக்கு வந்த பெயர்.

விழுவதுதான் அவருக்குத் தொழில். வாலிபத்தில் சினிமாவில் விழுந்தார். மாடியிலிருந்து, குதிரையிலிருந்து, ஓடுகிற லாரியிலிருந்து. எலும்புகள் ஒவ்வொன்றாக முறையிடத் தொடங்கிய வயதில், வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே விழுவதற்கு மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தையில் விழுவதற்குச் சம்பளமா என்று அந்த வேலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பழைய கிடங்கு ஒன்றை ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். சுவரெல்லாம் கறுப்பு, கூரையைச் சுற்றிப் பதினெட்டுக் கேமராக்கள். நடுவில் தொப்பண்ணன், உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில் நிற்பார். தோள், முழங்கை, முட்டி என்று மூட்டுக்கு மூட்டு கோலிக்குண்டு அளவில் சாம்பல்நிற உருண்டைகள் ஒட்டியிருக்கும். கேமராக்கள் அந்த உருண்டைகளை மட்டும்தான் பார்க்கும். அவர் அசைந்தால் கம்ப்யூட்டருக்குள் ஒரு எலும்புக்கூடு அசையும். அதற்குப் பிறகு யாரோ உட்கார்ந்து அதற்குச் சதை வைத்து, மீசை வைத்து, ராணுவ உடை மாட்டிவிடுவார்கள். ஆக, முகம் எவனுடையதோ, சாவு மட்டும் தொப்பண்ணனுடையது.

காலேஜில் படிக்கும் அவருடைய மகள் சாயங்காலம் அந்தக் கம்பெனியின் கேமை விளையாடிவிட்டு, “அப்பா, இன்னிக்கு உங்களைப் பாலத்துலேருந்து தள்ளிக் கொன்னேன். சூப்பரா செத்தீங்க” என்பாள். பெற்ற மனம் குளிர்ந்துபோகும்.

ஸ்டூடியோவில் அவருக்கு ஜோடி, கத்திக்காரி என்று பெயர் வாங்கிய ஸ்டண்ட் பெண். முப்பதைத் தாண்டியவள், ரப்பர் கத்தியைக் கையில் எடுத்தால் மின்னல். இருவரும் பல வருஷமாக ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள்.

“அண்ணே, இன்னிக்குத் தொண்டையா, வயிறா?”

“வயித்துலயே குத்தும்மா. தொண்டை கட்டியிருக்கு.”

அவ்வளவு பாசம்.

இப்படி ஒழுங்காகச் செத்துக்கொண்டிருந்த மனிதருடைய வாழ்க்கையில்தான் கதை எழுதும் பெண் கை வைத்தாள். புதிய போர் விளையாட்டு ஒன்றுக்கு அவள்தான் கதை. அடிபட்ட வீரன் கூடாரத்துக்கு வருகிறான், டாக்டர் அவன் தோளுக்குக் கட்டுப் போடுகிறாள், கட்டு முடிந்ததும் இருவரும் அணைத்து முத்தமிடுகிறார்கள் என்று எழுதிக் கொண்டுவந்து படித்தாள். முதலாளிக்கு டீ புரையேறியது.

“வேணாம்மா. குடும்பத்தோட விளையாடறாங்க.”

“குடும்பத்தோட உட்கார்ந்துதானே சார் முந்நூறு பேரைச் சுடறாங்க?”

“சுடறது விளையாட்டு. இது வேற.” முதலாளி மேஜையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். மனுஷர் ஒன்றும் முட்டாளில்லை. “சரி, ஒண்ணு சொல்லு. சினிமால முத்தம் வந்தா பார்த்துட்டுப் போயிடலாம். இங்க விளையாடறவன் கையில பொத்தான் இருக்கு. முத்தத்துக்கு எந்தப் பொத்தான்? சுடற பொத்தானேவா?”

அறையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. கதைக்காரி சிரிக்கவில்லை. மற்ற கம்பெனிகளின் கேம்களில் என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூன்று பரிசு கொடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தேன் தடவிப் பதில் சொன்னால் காதல் கனிந்துவிடும். அதை எடுத்துச் சொன்னாள்.

“கூப்பன் சேர்த்தா குடை இலவசம்கிற மாதிரியா?” என்றார் முதலாளி.

“அதான் சார் எனக்கும் பிடிக்கலை. வேற வழி தெரியலை.”

முதலில் காட்சியை எடுத்துப் பார்ப்போம், வைப்பதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம் என்று பேச்சு முடிந்தது. வாசலில் டம்ளரோடு நின்ற தொப்பண்ணன், “யாருங்க செய்யப்போறது?” என்று கேட்டார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்த வாயால் கெட்டது தவளை மட்டுமல்ல.

மறுநாள் ஒத்திகை. கத்திக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இத்தனை வருஷம் வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிட்டிருக்கேன். இப்போ அதே வாயால...”

“வாயே வேணாம்மா. கன்னத்துக்குப் பக்கத்துல கன்னம் வெச்சா போதுமாம். மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்குமாம்.”

“அதுவும் அண்ணன் கன்னம்தானே!”

முதல் தடவை தொப்பண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவளை நெருங்கினார். பழக்கதோஷம், அவள் குனிந்து விலா எலும்பில் முழங்கையால் ஒன்று கொடுத்தாள். அவரும் பழக்கதோஷத்தில் தொப்பென்று விழுந்தார். அதைவிடப் பழக்கதோஷம், சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அடுத்த தடவை இருவருக்கும் சிரிப்பு வந்து, அடக்க அடக்க விக்கலாக மாறியது. அதற்கடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அணைத்தே விட்டார்கள்.

திரையில் பார்த்தால், நண்டை நண்டு தின்றுகொண்டிருந்தது. இரண்டு உடம்புகள் ஒட்டினால் நடுவிலிருக்கும் உருண்டைகள் மறைந்துவிடுகின்றன. எது யாருடையது என்று கம்ப்யூட்டருக்குப் புரிவதில்லை. தொப்பண்ணனின் கை கத்திக்காரியின் இடுப்பிலிருந்து முளைத்து, அவளுடைய முட்டி அவருடைய கழுத்தில் ஆடியது. கொலையென்றால் எட்ட நின்று செய்கிறார்கள், அது தெளிவாகத் தெரியும். அணைப்பு என்று வந்ததும் அந்தப் பதினெட்டுக் கேமராக்களுக்கும் கண் அவிந்துபோயிற்று.

“காதல்னீங்க. கைது பண்ற மாதிரி இருக்கு” என்றார் முதலாளி.

“கேமராவைக் கீழ இறக்கிப் பார்க்கலாம் சார்” என்றார் கேமரா பார்ப்பவர். “ஆனா அவங்களும் கொஞ்சம் மெதுவா, நிதானமா...”

தொப்பண்ணனுக்கு அவமானமாகிவிட்டது. கழுத்தறுபட்டு, குண்டடிபட்டு, எத்தனை நுணுக்கமாகச் சாகிற கலைஞன். ஒரு அணைப்பு வரவில்லை என்றால்? வீட்டுக்குப் போய், யாருமில்லாத நேரம் பார்த்து, ஃப்ரிட்ஜின் முன்னால் நின்று தோளைத் தளர்த்தி, மெல்லக் கைகளை அதன் இரண்டு பக்கமும் படரவிட்டுக் கன்னத்தைச் சாய்த்தார். ஜில்லென்று இருந்தது.

“கம்ப்ரஸர் சத்தம் கேக்கறீங்களா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் பயிற்சியாளர். ஒரு காலத்தில் தொப்பண்ணனே அவளிடம் மாணவராகப் போனவர்தான். சினிமாவில் காரைக் கவிழ்க்க வேண்டும், அதற்கு முதலில் கவிழ்க்காமல் ஓட்டத் தெரிய வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். லைசென்ஸ் வாங்குவதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது. அவளிடம் பொய் சொல்லி அவர் ஜெயித்ததில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே எதிராளியின் காலடியில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கிற பெண்பிள்ளை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு திடீரென்று முகம் மாறியது.

“கைது பண்ற மாதிரி இருக்குன்னா சொன்னாரு?”

“ஆமா.”

“எல்லார் முன்னாடியும்?”

“ஆமா.”

“இத்தனை வருஷம் என்கூடக் குப்பை கொட்டின மனுஷன். அவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? நான் என்ன ஜெயிலா நடத்தறேன்? வியாழக்கிழமை எனக்கு லீவு. வர்றேன்னு சொல்லுங்க.”

சொன்னதைச் செய்தாள். கத்திக்காரி ஓடிவந்து, “அண்ணி, தெய்வம் மாதிரி வந்தீங்க” என்று தன் உடையைக் கழற்றிக்கொடுத்தே விட்டாள். உருண்டைகளை ஒட்டும்போது, “இதென்ன, உடம்பெல்லாம் கொப்புளம்” என்று மனைவி முணுமுணுத்தாலும், பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த புருஷனிடம் வந்து நின்றபோது அவள் முகத்தில் வேலைக்களை வந்துவிட்டது.

காட்சி தொடங்கியது. அவள் அவருடைய தோளில் துணியைச் சுற்றினாள். தொப்பண்ணனோ உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. விழுவதற்கு வசதியாகக் கால் பின்னால் போயிற்று. அடி வருமோ என்று தோள் தூக்கிக்கொண்டது. கை தானாகத் தாடையைக் காத்தது. அவள் நெருங்கியதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“சும்மா இருங்களேன்!” தோளில் கை வைத்து உட்கார்த்தினாள். “கையைக் கீழ வைங்க. அந்தக் கையும். கியரைத் தேடாதீங்க, இங்க ஒண்ணும் இல்ல.”

அவர் கைகளை மடியில் வைத்தார்.

“மூச்சு விடுங்க.”

விட்டார். அவ்வளவு வெளிச்சத்தில், அவ்வளவு பக்கத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. வீட்டில் பார்ப்பதென்றால் ஒருவர் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார், மற்றவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். அவருடைய இடது புருவத்தில் நான்கைந்து முடி நரைத்திருந்ததை அவள் இப்போதுதான் பார்த்தாள் போலிருக்கிறது, கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். அது காட்சியில் இல்லாதது. அப்புறம் குனிந்து முத்தமிட்டாள். பக்கத்தில் கன்னம் வைக்கிற கதையெல்லாம் அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதலாளி சுவர்ப்பக்கம் திரும்பி, தீயணைப்புக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஊன்றிப் படிக்கலானார். கத்திக்காரி மட்டும் வெட்கமில்லாமல் பார்த்தாள்.

“போதுமா, இல்ல இன்னும் வேணுமா?” என்று நிமிர்ந்து கேட்டாள் மனைவி. யாரைக் கேட்டாள் என்று தெரியாமல் கேமரா பார்ப்பவர், “போதும் மேடம்” என்று பதறினார். 

நெற்றியிலிருந்து ஒரு உருண்டை எங்கோ தெறித்துப் போயிருந்தது. மற்றபடி, கேமராக்களைக் கீழே இறக்கியிருந்ததாலும் உடம்போடு உடம்பு ஒட்டாததாலும், திரையில் இந்தத் தடவை நண்டு இல்லை. இரண்டு எலும்புக்கூடுகள். ஒன்று துடிக்கிறது, மற்றது அமர்த்துகிறது. துடித்தது அடங்குகிறது. அமர்த்தியது குனிகிறது. கதைக்காரி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, முதலாளியின் அறைக்குள் தட்டாமல் நுழைந்தாள்.

“எந்தப் பொத்தான்னு கேட்டீங்களே சார். ஒரு பொத்தானும் இல்லை. அவர் சும்மா இருந்தப்புறம்தான் அந்தம்மா முத்தம் கொடுத்தாங்க. விளையாடறவனும் கையை எடுத்துட்டுச் சும்மா இருக்கணும். எதையாவது அழுத்தினா டாக்டர் கட்டை இறுக்கிட்டு, ‘அடுத்த ஆள் வாங்க’ன்னு போயிடுவா.”

முதலாளி மனசுக்குள் கணக்குப் போட்டார். “அப்போ பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது?”

“தெரியாது.”

“ரொம்ப நல்லது. வெச்சுக்கோ.”

அன்று மனைவியின் பயிற்சிக் காரில் வீட்டுக்குத் திரும்பும்போது தொப்பண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “விளையாட்டுல போய் இதையெல்லாம் வைக்கறது சரின்னு உனக்குப் படுதா?”

“நம்ம சண்டையை எடுத்திருந்தா நாலு கேம் வந்திருக்கும். அதுக்கு யாரும் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டாங்க” என்றாள் அவள், வண்டியைத் திருப்பிக்கொண்டே. “அரை நிமிஷ முத்தத்துக்கு எத்தனை மீட்டிங்! ஆனா ஒண்ணுங்க, அந்தப் பொண்ணு பொத்தான் வைக்காம விட்டா பாருங்க, அது சரி. அழுத்தினா வர்றதுக்கு நான் என்ன ஹாரனா?”

கேம் வெளிவந்தது. கம்பெனிக்கு இரண்டு வகையான புகார் வந்து குவிந்தது. வீரம் பொங்குகிற விளையாட்டில் முத்தம் எதற்கு என்று ஒரு கூட்டம். முத்தம் இருக்கிறது என்றார்களே, எல்லாப் பொத்தானையும் கட்டைவிரல் தேய அழுத்தியாயிற்று, எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அதைவிடப் பெரிய கூட்டம். முதலாளி இரண்டாவது கூட்டத்தின் கடிதங்களை மட்டும் மதியச் சாப்பாட்டின்போது சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார்.

மகளும் இரண்டாவது கூட்டம்தான். மூன்று தடவை டாக்டர் அவளைத் துரத்திவிட்டாள். நான்காம் தடவை சிநேகிதியிடமிருந்து போன் வந்தது. கையிலிருந்ததைச் சோபாவில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே நிமிர்ந்தாள். திரையில், நீளக் கூந்தலும் கூரிய மூக்குமாக இருந்த அந்த இளம் டாக்டர், வீரனின் தோளைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கி உட்கார வைத்தாள். மகளுக்கு அந்த அமுக்கு பழக்கமானதாக இருந்தது. ஸ்கூல் காலத்தில் தலை பின்ன உட்கார்ந்தபோதெல்லாம் தன் தோளில் விழுந்தது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிவதற்குள் அது நடந்துவிட்டது.

“அம்மா!” வீடே அதிர்ந்தது. “யார் இந்த டாக்டர்?”

சமையலறையில் தொப்பண்ணன் பாத்திரம் தேய்ப்பதில் மும்முரமானார். மனைவி எட்டிப் பார்த்தாள். “யாரோ. மூக்கைப் பாரு, எனக்கு எங்க அப்படி இருக்கு?”

“மூக்கு இல்லம்மா! கை! அய்யோ, அப்பா, நீங்களுமா?” குஷனை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “உங்களைக் கொல்லச் சொன்னா எத்தனை தடவை வேணா கொல்றேன். இதை மட்டும் என்னால பார்க்க முடியாது!”

ஒரு வாரம் அந்த கேம் பக்கமே போகவில்லை. அப்புறம் போனாள், கூடாரம் வந்ததும் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி டாக்டரைச் சீக்கிரம் அனுப்பிவிடுவாள்.

தொப்பண்ணன் பழையபடி வேலைக்குப் போனார். அடுத்த கேமுக்கு ஒரு கோட்டைச் சுவரிலிருந்து விழ வேண்டும். கத்திக்காரி மேலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள். தொப்பென்று மெத்தையில் விழுந்து, கையைக் காலைப் பரப்பி, அருமையாகச் செத்தார். முகத்தையும் பதிவு செய்கிற புதுக் கேமரா ஒன்று அன்றைக்குத்தான் வந்திருந்தது.

“அண்ணே,” என்று ஒலிபெருக்கியில் கெஞ்சினார் கேமரா பார்ப்பவர், “செத்தப்புறம் சிரிக்காதீங்கண்ணே. இன்னொரு தடவை போகலாம்.”