நெரிசல் வகுப்பும் மாடி வீட்டு இன்டர்வியூவும்

போன சனிக்கிழமை இணைய நெரிசலைப் பற்றி ஆன்லைனில் ஒரு வகுப்பு எடுத்தேன். முடித்ததும் திரை முழுக்கக் கைதட்டல் ஈமோஜிகள். பூரித்துப்போய் லேப்டாப்பை மூடினேன்... காலிங் பெல் அடித்தது.

யார் என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயம். கரமனையில் எங்கள் கட்டடத்தில் நான்கு வீடுகள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே இன்டர்நெட் இணைப்பு. நெட்வொர்க் பாடம் நடத்துகிறவன் என்பதால் ரூட்டரை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். நம்பித்தான்!

வகுப்பில் நான் சொன்னது இதுதான். இன்று ஒரு வீடியோ வேண்டுமென்றால் அது இருக்கும் சர்வரைத் தேடிப் போகிறோம். ஒரே வீடியோவுக்கு ஊரே கிளம்பினால் வழி அடைத்துக்கொள்கிறது. புதிய முறையில் 'எங்கே இருக்கிறது' என்பது முக்கியமில்லை. 'என்ன வேண்டும்' என்பதுதான் கேள்வி. வழியில் யாரிடம் பிரதி இருந்தாலும் கொடுத்துவிடலாம். அப்படியும் நெரிசல் வந்தால்? கேட்கிறவர் தானாகவே கேட்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

"அடுத்தவருக்கு வழி விடணும். அவ்வளவுதான்!" என்று முழங்கினேன்.

முழங்குவதற்கு முன் என்ன செய்திருந்தேன் தெரியுமா? என் வகுப்பு தடைபடக் கூடாதென்று மற்ற மூன்று வீடுகளின் வேகத்தையும் ரூட்டரில் அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல்.

கதவைத் திறந்தால் மாடி வீட்டு ரெஜினா. மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பம், நர்ஸாக இருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

"சாரே, வெளிநாட்டு ஆஸ்பத்திரி இன்டர்வியூ... பாதியில வீடியோ நின்னு போச்சு. பின்னே லைன் கிட்டவே இல்ல. உங்களுக்க நெட்டும் போச்சா?"

"ஆமாம்மா... இங்கேயும் ஸ்லோதான்."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்!

"அய்யோ, உங்க கிளாஸும் கெட்டுப்போச்சா?" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டுப் படியேறினாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கிளாஸ் நன்னாத்தானே ஓடித்து?"

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரெஜினாவின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரெஜினாதான் பேசினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற எங்கயாவது போயிருப்பேனே, சாரே."

திட்டியிருந்தால் தேவலை.

தடங்கலுக்குக் காரணம் நான்தான் என்று அந்த ஆஸ்பத்திரிக்கு மெயில் எழுதினேன். நல்லவர்கள்... இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள்.

"இன்டர்வியூ அன்னைக்கு நெட் முழுசும் உனக்குத்தான்," என்றேன் ரெஜினாவிடம்.

"வேண்டாம் சாரே. ஸ்ரீவராகத்துல கூடப் படிச்ச கூட்டுகாரி வீட்டுல இருந்து பேசிக்கிறேன்."

அன்று காலையில் மழை. சர்டிபிகேட்களை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, குடை பிடித்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்டர்வியூ பிரமாதமாகப் போனதாம். என் மனைவியிடம்தான் சொன்னாள்.