உள்ளே யாரும் இல்லாத விமானம்

பதினெட்டு வருடங்களாகச் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன். திருப்பம் வந்தால் வேகத்தைக் குறைப்பது என் ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். தேக்கா மார்க்கெட்டில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு, உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நிற்கும் அம்மாக்களை நினைத்துத்தான் ஒவ்வொரு முனையிலும் திரும்புவேன். என் பஸ்ஸில் இதுவரை ஒருவரும் விழுந்ததில்லை. அந்தப் பெருமையோடுதான் ரிமோட் விமானம் ஓட்டப் போனேன்.

ஆரம்பம் இப்படி. மேற்கே ஒரு பஸ் முனையத்தில், ஓய்வு நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எதிர்த் திடலுக்கு மேலே ஒரு குட்டி விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த விடுமுறை நாளில் திடலுக்கே போய் நின்றேன். அங்கே ஒரு பெண்கூட இல்லை.

"பேரப்பிள்ளைக்கு வாங்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்குத்தான்" என்றேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. வந்த கோபத்தில், கற்றுக்கொள்ளாமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீட்டில், எதற்கும் சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வைச் சேர்க்கும் என் கணவர் சிரித்தார். "நாள் பூரா பஸ் ஓட்டுறது பத்தலயா? அடுத்தது என்ன, ராக்கெட்டா லா?"

திடலில் புதியவர்களைப் பழக்கிவிட்டவர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்த முப்பது வயது இன்ஜினியர். அவர் ரிமோட்டையும் என் ரிமோட்டையும் ஓர் ஒயரால் இணைத்திருப்பார். அவர் ஒரு சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்கும்வரை விமானம் என் பேச்சைக் கேட்கும். விரலை எடுத்தால் அவர் வசமாகிவிடும்.

மூன்றாவது வாரம் அவர் விரலை எடுப்பதற்குள் காரியம் கெட்டது. விமானத்தை இடப்பக்கம் திருப்பினேன். திருப்பினேன் என்பதால், கட்டைவிரலால் த்ராட்டில் குச்சியைப் பின்னுக்கு இழுத்து வேகத்தையும் குறைத்தேன். ஓர் இறக்கை சரிந்தது, மூக்கு கீழே பார்த்தது, அப்படியே புல்லில் குத்தி நின்றது. நுரையால் செய்த இறக்கை இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"ஏன்க்கா த்ராட்டிலக் குறைச்சீங்க?"

"திருப்பம் வந்துச்சே தம்பி."

அவர் ஒடிந்த இறக்கையைக் கையில் எடுத்தார். "அக்கா, உள்ள யாரும் இல்லக்கா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அவமானமாகவும் இருந்தது. பஸ் மெதுவானால் நிற்கும், விமானம் மெதுவானால் விழும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். தலைக்குப் புரிந்தது. கட்டைவிரலுக்குப் புரியவில்லை.

ஒடிந்த இறக்கையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். காயும்வரை இரண்டு நாள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். வேலை முடிந்து வந்ததும் லேப்டாப்பில் பறக்கும் பயிற்சி செய்வேன். ஒவ்வொரு திருப்பத்திலும் "உள்ள யாரும் இல்ல, உள்ள யாரும் இல்ல" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலை முன்னே தள்ளுவேன். பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இந்தப் புதுப் பழக்கம் காலுக்கும் இறங்கிவிட்டால்? அதனால் பஸ்ஸில் சிராங்கூன் சாலை முனைகளில் "உள்ள ஆள் இருக்கு" என்று முணுமுணுத்தேன். முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் அடுத்த நிறுத்தத்தில் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான்கு மாதமானது. விமானம் இன்னும் இரண்டு தடவை விழுந்தது. நான் நிறுத்தவில்லை.

அப்போதுதான் அந்த இன்ஜினியர் சொன்னார், வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதன்கிழமை ஊருக்குக் கிளம்புகிறேன் என்று. எங்கள் திடலில் பழக்கிவிட வேறு ஆள் கிடையாது. பழக்கிவிடுபவர் முன்னால் ஒயர் இல்லாமல் ஓட்டிக் காட்டாதவர் தனியாக ஓட்டக் கூடாது என்பது அங்கே விதி. ஞாயிற்றுக்கிழமை காட்டவில்லையென்றால் என் விமானம் அலமாரி மேலேதான்.

"ஒயர் இல்லாமக் கிளப்பணும், எட்டு போடணும், ஓடுபாதையில எறக்கணும். நம்ம ஊர்ல லைசென்ஸுக்கு எட்டு போடுற மாதிரிதான்க்கா" என்றார்.

ஞாயிறு காலை என் கணவரும் வந்தார். வேடிக்கை பார்க்க என்று சொன்னாலும், உடைந்தால் தூக்கிக்கொண்டு வர ஒரு பெரிய பையும் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விமானம் சுத்தமாகக் கிளம்பியது. எட்டும் போட்டேன், கொஞ்சம் கோணலாக. இறக்க வந்தபோது உயரம் அதிகமாகிவிட்டது. விட்டுவிட்டு மறுபடி ஏற்றினேன். இரண்டாம் முறை வரும்போது மரங்களின் பக்கமிருந்து காற்று அடித்தது. கடைசித் திருப்பத்தில் விமானம் ஆடியபடி தாழ்ந்தது.

"மெதுவா! மெதுவா லா!" என்று பின்னாலிருந்து என் கணவர் கத்தினார்.

பதினெட்டு வருடமும் சேர்ந்து என் கட்டைவிரலைப் பின்னுக்கு இழுத்தது. பக்கத்தில் நின்ற இன்ஜினியர் இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டிருந்தார்.

"சும்மா இருங்க! உள்ள யாரும் இல்ல!" என்று கத்திக்கொண்டே விரலை முன்னே தள்ளினேன்.

மோட்டார் இரைந்தது. இறக்கை நிமிர்ந்து, விமானம் திருப்பத்தை முடித்துப் பாதைக்கு நேராக வந்தது. அதன் பிறகுதான் வேகத்தைக் குறைத்தேன். ஒரு தடவை துள்ளி, உருண்டு, நின்றது.

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. இன்ஜினியர் தன் பையிலிருந்த ஒயரைச் சுருட்டி என் கையில் வைத்தார். "இனி இது உங்களுக்கு வேணாம். அடுத்து யாராவது பழக வந்தா நீங்க மாட்டுங்க."

என் கணவர் புல்லில் நடந்துபோய் விமானத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பையை எங்கே போட்டார் என்று தெரியவில்லை.

"இன்னொரு தடவ விடேன்" என்றார். "இந்தத் தடவ கத்த மாட்டேன்."

நான் புது பேட்டரியை மாட்டினேன்.