மந்திரித்த எண்ணெயும் சாவித் துவாரமும்

எங்கள் கிளெமென்ற் அத்தானைப் போல ஒரு கஞ்சனைக் கொட்டாஞ்சேனையில் நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். சல்லியில் அல்ல, பெற்றோலில். உலக யுத்தம் வந்து பெற்றோல் கூப்பனுக்குப் போனபோது பிடித்த வியாதி அது. இறக்கத்தைக் கண்டால் போதும், சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடுவார். கார் சத்தமில்லாமல் உருளும். பின்னால் இருக்கிறவர்கள் கார் பழுதாகிவிட்டதாக்கும் என்று முழிப்பார்கள். இவர் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பார். யுத்தம் முடிந்தும் மனிதர் திருந்தவில்லை.

அவர் என் அக்கா றோஸியின் புருஷன். வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது நான் சின்னப் பிள்ளை. இந்தப் பேர்ணடெற்றை யார் வைத்துப் பார்ப்பது என்று சொந்தக்காரர் எல்லாரும் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஒன்றும் கதைக்கவில்லை. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார். அன்றிலிருந்து அவருடைய வீடுதான் என் வீடு.

செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயிலுக்குப் போவார். அங்கேயிருந்து மந்திரித்த எண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் வரும். மற்றவர்கள் அதை நெற்றியில் பூசுவார்கள், நோகிற முழங்காலில் பூசுவார்கள். அத்தான் தன் நெற்றியில் ஒரு துளி வைத்துவிட்டு, காரின் சாவித் துவாரத்திலும் ஒரு துளி விடுவார். காருக்கு நெற்றி அதுதானாம். அதுக்கு அது வாய், நெற்றியில்லை என்று நான் எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! கேட்டால்தானே.

எனக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை நிக்கலஸ் வெள்ளவத்தைக்காரர். அவருடைய தாய் படுக்கையில் இருந்தபடியால், கல்யாணப் பூசையை அங்கே அவர்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள கோயிலிலேயே வைப்பது என்று முடிவாயிற்று. அப்பாவின் இடத்தில் நின்று என்னைப் பீடத்துக்குக் கூட்டிப்போகிறவர் அத்தான்தான் என்று நான் சொல்லிவிட்டேன். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

தாய்மாமன் செபஸ்தியன் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிறவர். தொப்பி, கோட், தடி எல்லாம் உண்டு. தாய்மாமன் உயிரோடு இருக்க ஒரு ட்ரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை போவதா என்று குதித்தார். அக்கா அழுதாள். கடைசியில் மாமா ஒரு நியாயம் சொன்னார்.

"பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுவாற ஆள் பீடத்துக்கும் கூட்டிப்போகட்டும். உன்ர கார் வெள்ளவத்தை வரைக்கும் வந்துசேருமெண்டால் நீயே கூட்டிப்போ."

சொன்னது பகிடிக்குத்தான். ஆனாலும் மாமா கல்யாண நாளுக்கென்று பெரிய கறுப்புக் கார் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டார்.

கல்யாணம் புதன்கிழமை. அப்படியென்றால் முதல் நாள் செவ்வாய். புரிகிறதல்லவா? கார் மானத்தை வாங்கிவிடக்கூடாதே என்று, அத்தான் அன்றைக்குத் துளியெல்லாம் பார்க்கவில்லை. போத்தலையே சாவித் துவாரத்தில் கவிழ்த்துவிட்டார்.

விடியக் காலை சாவி உள்ளே போனது, பாதியில் நின்றது. திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. பூசையில் நற்கருணை வாங்குமட்டும் வெறுவயிறாக இருக்க வேண்டும் என்று நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கிறேன். பசி வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. அத்தான் சாவியை ஆட்டுகிறார், ஊதுகிறார், செபிக்கிறார். கோட்டைக் கழற்றினார். விரலெல்லாம் கறுப்பு. ஒழுங்கை முனையில் கறுப்புக் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. நேரம் போகுது, வந்து ஏறு என்று மாமா தடியைத் தட்டுகிறார்.

பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற ஜாபிர் நானா வந்து குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு மணந்தார். தேங்காயெண்ணெயும் தூசியும் சேர்ந்து, கத்தியில் காய்ந்த பலாப்பால் மாதிரி இறுகிப் போயிருக்கிறது, மண்ணெண்ணெய் விட்டால் கரைந்துவிடும் என்றார். கடைக்குள் போய் ஒரு போத்தலும் கோழியிறகும் கொண்டுவந்தார்.

அத்தான் போத்தலை வாங்கினார். வாங்கியவர் அப்படியே நின்றார்.

"மந்திரிச்ச எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுறதோ? என்னால ஏலாது, நானா." பிறகு என்னைப் பார்த்தார். "நீ மாமாவோட போ, பிள்ளை."

பாவி மனிதன். எத்தனை நாளாக அந்த நடைக்காகக் கண்ணாடிக்கு முன்னால் நடந்து பழகினார் என்று எனக்குத் தெரியும். அக்கா ஒளித்து நின்று எனக்குக் காட்டியிருக்கிறாள். இப்போது எல்லாவற்றையும் அந்தோனியாருக்காக விட்டுவிட்டு நிற்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முக்காட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அத்தானின் காருக்குள் ஏறினேன்.

"நீங்க கழுவ வேண்டாம். நான் கழுவுறன். அந்தோனியாரோட நான் கதைச்சுக்கொள்றன்."

இறகை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தோய்த்து அந்தத் துவாரத்துக்குள் விட்டேன். பாதி என் கையுறையில், மீதி மடியில். அத்தான் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். கறுப்புத் தண்ணீர் வடிந்தது. சாவியை மெல்ல ஆட்டினேன். 'டக்' என்று திரும்பியது. அத்தான் கண்ணைத் திறந்து, ஓடிப்போய் முன்னால் ஹாண்டிலைச் சுற்றினார். கார் குலுங்கிக்கொண்டு உயிர் பிடித்தது. ஜாபிர் நானா கைதட்டினார்.

வெள்ளவத்தைக்குப் போகிற காலி வீதியில் மாமாவின் கார் எங்களை முந்திக்கொண்டு போனது. வழியில் ஒரு இறக்கம் வந்தது. அத்தானின் கை சாவிப் பக்கம் போய், பயந்து திரும்பி வந்தது.

கோயில் வாசலில் மாமா முழங்கையை மடித்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். அத்தான் என்னை இறக்கிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். வெள்ளை உடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய கைகள் இல்லை அவை. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் பின்னால் போய் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். கோயிலுக்குள்ளே என்ன மண்ணெண்ணெய் மணக்கிறது என்று மாமா மூக்கைச் சுளித்தார். நான்தான் என்றேன்.

பாதி வழி நடந்திருப்போம். பாட்டு ஒரு கணம் நின்றது. வெளியே கடகடவென்று ஒரு சத்தம். நான் அத்தானைப் பார்த்தேன்.

"காரை நிப்பாட்டினால் சாவி திரும்பவும் இறுகிப்போகும், பிள்ளை," என்றார் மெதுவாக. "பிறகு உன்னை என்னெண்டு வீட்டை கொண்டுபோறது? பூசை முடியுமட்டும் ஓடட்டும்."

இறக்கத்தைக் கண்டால் என்ஜினை நிறுத்துகிற மனிதன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நிக்கலஸ் நான் பயந்து அழுகிறேன் என்று நினைத்தாராம்.