எட்டடி தூரத்தில் செருப்பு

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் செல்வராணி, கரஸ்பாண்டன்ஸில் எம்.ஏ. சரித்திரம் முடித்தவள். சாப்பாட்டு வேளையில் ஆப்பிரிக்காவின் அசாந்தே பேரரசைப் பற்றிச் சொல்லுவாள். சின்னச் சின்ன ஊர்கள் ஒரு தங்க ஆசனத்தின் கீழ் சேர்ந்து பேரரசானதாம். வெள்ளைக்காரனிடம் தோற்றதும், கூட நின்ற ஊர்களே கழன்றுகொண்டனவாம்.

"அங்க ஒரு தலைவன பதவியிலேர்ந்து எறக்கணும்னா, செருப்பக் கழட்டி வெறுங்கால் மண்ணுல பட வெச்சிருவாங்க. அதோட அவன் கத முடிஞ்சிது."

அப்படிச் சொல்லிச் சொல்லியே எங்கள் நாற்பது பேரையும் சங்கமாகச் சேர்த்தாள். பெயர்ப்பட்டியலை அவள் தோழி கோமதி வைத்திருந்தாள். போன திங்கட்கிழமை அது மேனேஜர் மேசையில் கிடந்தது.

செல்வராணியை ஆபீஸிலிருந்தே கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். நாங்கள் வெறுங்காலோடுதான் தைப்போம்; செருப்பெல்லாம் உள்ளே கதவோரம் இருக்கும்.

"என் செருப்பயாவது எடுத்தாந்து குடுங்கடி!" என்று கேட் கம்பியைப் பிடித்துக் கத்தினாள்.

புது சூப்பர்வைசர் கோட்டோடு கோமதி ஜன்னலைச் சாத்தினாள். சித்திரை வெயிலில், தார்ரோட்டில், செல்வராணி வெறுங்காலோடு நடந்து போனாள்.

கோமதியை இன்றைக்கும் வாய் ஓயாமல் திட்டுகிறோம், வெட்கங்கெட்ட நாங்கள். எங்கள் மிஷினிலிருந்து செருப்பு கிடந்த கதவோரம் எட்டடிகூட இல்லை. மீதி முப்பத்தொன்பது பேரில் ஒருத்தியும் மிஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை.